நேற்று இன்னும் முடியவில்லை

காலையிலிருந்து பிரசவ வார்டு மட்டும் வாய் திறக்கவில்லை. மற்ற எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். மருந்துக் கவுண்டர் பேசியது, ரத்தப் பரிசோதனைக் கூடம் பேசியது, எக்ஸ்ரே அறை தொண்டையைச் செருமிச் செருமிப் பேசியது. கேன்டீனில் பில் போடுகிற கிழட்டுக் கம்ப்யூட்டர்கூட இன்னாருக்கு ரெண்டு தோசை, இன்னாருக்கு ஒரு டீ என்று ஊர்க்கதை முழுக்க ஒப்பித்தது. அந்த ஆஸ்பத்திரியில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தான் செய்கிற காரியத்தை அப்போதைக்கப்போது ஒரு வரியாக எழுதிக் கீழ்த்தளத்தில் இருக்கிற ஒரே ஒரு பெட்டிக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெட்டிக்குக் காகிதத்தில் மத்திய லாக் சர்வர் என்று பெயர். எல்லோர் வாயிலும் சித்திரகுப்தன். அவனுக்கு முன்னால் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான், ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற பிறவிப்பெருமாள். சம்மணம் போட்டதற்குக் காரணம் தரையின் குளிர். சர்வர்களுக்காக ஓடுகிற ஏசி அது, மனுஷனைக் கணக்கில் சேர்க்காது. போன அக்கினி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டைச் சாலையில் தார் உருகி ஒருத்தர் செருப்பை முழுசாக விழுங்கிக்கொண்டிருந்த நாளில், இந்த அறைக்குள் கொண்டுவந்து வைத்த டீயின்மேல் ஐஸ் ஏடு கட்டிவிட்டதாக லிஃப்ட்காரர் இன்றைக்கும் சத்தியம் செய்வார். பிறவிப்பெருமாளுக்கு இப்போது குளிரவில்லை. உள்ளங்கை வேர்த்து எலிப்பொறி மாதிரி மௌசைப் பிடித்துக்கொண்டிருந்தான். மேலே மூன்றாவது மாடியில் அவன் பெண்டாட்டி கோமு இருக்கிறாள். விடியும்போதே வலி கண்டுவிட்டது. வாசல் வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனவனை எப்சிபா சிஸ்டர் நெஞ்சில் கை வைத்து நிறுத்தினாள். "தம்பி, நீங்களும் உள்ள வந்தா நான் யாரைப் பாப்பேன், அவளையா உங்களையா? போயி உங்க பெட்டியப் பாருங்க." அவன் மறுபேச்சுப் பேசாமல் இறங்கி வந்ததை மாமனார் சைலப்பன் என்ன நினைத்தாரோ. பெண்டாட்டி பிரசவ அறையில் இருக்கும்போது வேலைக்குப் போகிற ஜென்மம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். வாசலில் நிற்கிற மற்ற அப்பன்மாருக்கு இல்லாத ஒரு சாவித்துவாரம் அவனுக்கு இருந்தது. உள்ளே மானிட்டர் மாட்டினால் ஒரு வரி வரும். குழந்தையின் துடிப்பு இத்தனை என்று வரி வரும். ஊசி எடுத்தால், டாக்டரைக் கூப்பிட்டால், கடைசியில் பிறப்புச் சீட்டு அச்சானால் வரி வரும். கதவுக்கு வெளியே பெஞ்சைத் தேய்ப்பதற்குப் பதில் இங்கே உட்கார்ந்து அவளுக்குப் பக்கத்திலேயே இருந்துவிடலாம் என்று வந்தால், துவாரத்தில் யாரோ உள்ளேயிருந்து துணி அடைத்துவிட்டார்கள்.

முதலில் வயர். வயர் சரி, சுவிட்சில் மூன்றாம் மாடிக்கான பச்சை விளக்கு, தூக்கம் வந்த குழந்தையின் இமை மாதிரி, அடித்து அடித்துத் திறந்தது. பிறகு குரல் கொடுத்துப் பார்த்தான். இருக்கியா? இருக்கேன். இருக்கியா? இருக்கேன். இருக்கியா? இருக்கேன். எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் வார்டு கம்ப்யூட்டர் அதையே சொன்னது, ஆனால் அதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை. கோமுவும் கோபம் வந்தால் இப்படித்தான். சமையலறையில் இருக்கியா? இருக்கேன். கோவமா? பதில் கிடையாது. கல்யாணமான புதிதில் அவன் அதற்குப் பயந்துபோய் வீட்டுக்குள் வரவே முருங்கைமரத்தடியில் நின்று ஒத்திகை பார்த்திருக்கிறான். பிறகுதான் தெரிந்தது, அவள் பதில் சொல்லாத நேரம் சிரிப்பை அடக்குகிற நேரம் என்று. இந்த ஒன்பது மாதமும் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. வயிற்றுக்குள் இருப்பதைப் பிள்ளை என்றே இரண்டு பேரும் சொல்லவில்லை. சொன்னால் போன தடவை மாதிரி ஆகிவிடுமோ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத ஒரு பயம். அதனால் கோமு குடித்தனக்காரி என்று பேர் வைத்தாள். "நம்ம குடித்தனக்காரி ராத்திரி பூரா சாமானை இழுத்துப் போட்டு உருட்டுதா. வாடகையும் கிடையாது, வாய் வேற ஜாஸ்தி." ஆணா பெண்ணா என்று தெரியாதே, குடித்தனக்காரனாக இருந்தால்? "ஆம்பளை இவ்வளவு ஒழுங்கா மாசக்கணக்கா ஒரே எடத்துல இருப்பானா?" இருக்கியா என்று அவன் இன்னொரு தடவை கேட்டான். இருக்கேன் என்றது. மேலே அவள் வாயைக் கடித்துக்கொண்டிருப்பாள். வலி வந்தால் கத்தமாட்டாள், தலையணை உறையைக் கடிப்பாள். அதை சிஸ்டரிடம் சொன்னோமா, சொல்லவில்லையே, கத்தவில்லை என்பதால் வலி இல்லை என்று நினைத்துக்கொண்டால்?

இடம் இல்லாமல் போயிருக்குமோ என்று பார்த்தான். சித்திரகுப்தனின் வயிற்றில் பாதி காலி. வாசலில் காவல் வைத்திருக்கிற தடுப்பு எதையாவது தள்ளிவிட்டதா? இல்லை. அனுப்புகிற நிரல் செத்துப்போயிற்றா? செத்து என்ற சொல்லின்மேல் போய் மனசு நின்றுகொண்டது. சேலை முந்தானை கதவுத் தாழ்ப்பாளில் மாட்டுகிற மாதிரி. இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் போக முடியாது. இதே நாற்காலி. இதே திரை. போன வருஷம் ஆனி மாதம், ஐந்தாம் மாசத்துப் பரிசோதனைக்கு என்று கோமு தனியாகத்தான் மாடிக்குப் போனாள். நீங்க வேலையப் பாருங்க, நான் பாத்துட்டு வந்துருதேன், சேந்து காப்பி குடிப்போம் என்றாள். அவன் இங்கே வேறு ஏதோ கோளாறைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேன்டீன் வரிக்கும் எக்ஸ்ரே வரிக்கும் நடுவில், பஸ்ஸில் இடம் கேட்டு ஒதுங்கி உட்கார்கிற ஆள் மாதிரி, ஒரு வரி வந்து உட்கார்ந்தது. வார்டு, மானிட்டர், துடிப்பு கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த வரி, ரெண்டு இட்லி ஒரு வடை. டாக்டர் கோமுவிடம் சொல்வதற்கு முன்னால், கோமு அவனிடம் சொல்வதற்கு முன்னால், அவன் படித்துவிட்டான். அவள் இறங்கி வந்தபோது முகத்தைப் புதிதாகக் கேட்பவன் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அந்த இட்லி வடையைத் தின்ற மகராசன் யாரென்று தெரிந்தால் ஒரு காரணமும் இல்லாமல் அவனை அடித்திருப்பான். இப்போதும் அந்த வரி வரத்தான் அடைத்துக்கொண்டிருக்கிறதோ? இல்லை, அது வரவேண்டாம் என்றுதான் அடைத்துக்கொண்டிருக்கிறதோ? அப்படியானால் கோளாறு கோளாறாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று மௌசிலிருந்து கையை எடுத்தான். எடுத்த கை எங்கே போவதென்று தெரியாமல் காற்றில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி மௌசுக்கே வந்தது.

போன் அடித்தது. மாமா என்று திரையில் பார்த்ததும் உயிர் ஒருமுறை வெளியே போய் செருப்பைத் தேடிவிட்டு வந்தது. சைலப்பன் அவனுக்கு இதுவரை போன் செய்ததே கிடையாது. நேரில்கூட நேராகப் பேசியது கிடையாது. அவன் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அடுப்படியைப் பார்த்து, "அவ்வோ சாப்பிட்டாச்சான்னு கேளு கோமு" என்பார். இவனும் கோமுவைப் பார்த்து, "ஆச்சுன்னு சொல்லு" என்பான். நடுவில் நின்று கோமு, "நான் என்ன ரெண்டு பேருக்கும் நடுவுல செல்போன் டவரா?" என்பாள். மருமகன் என்ன உத்தியோகம் என்று கேட்கிறவர்களிடம் கிழவர், "ஆஸ்பத்திரியிலதான், வயரப் புடுங்கி வயரச் சொருகுத வேலை" என்று சொன்னதாக ஒரு தகவல் அவனுக்கு எப்போதோ வந்து சேர்ந்து, இன்னும் அழியாமல் உள்ளே கிடக்கிறது. அவன் போனைக் காதில் வைத்தான். "கோமுவுக்கு…?" என்றான். "இல்லல்ல. ஒண்ணும் இல்ல. இன்னும் ஆகல." மூச்சு வாங்குவது கேட்டது. "அங்க… அங்க மணி என்ன?" "மணியா? உங்க கையில வாட்ச் இருக்குமே மாமா." "இருக்கு. உங்க பெட்டியில மணி என்னன்னு கேட்டேன்." சொன்னான். "சரி. தேதி?" அதையும் சொன்னான். "சரி சரி. சாப்பிட்டியளா?" இல்லை என்றான். "சாப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். வயசானவருக்குப் பதற்றத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தான். பிறகு, சாப்பிட்டியளா என்று கோமு நடுவில் இல்லாமல் நேராகக் கேட்டுவிட்டாரே என்பது மெதுவாக, ஈரம் சுவரில் ஏறுகிற மாதிரி, அவனுக்குள் ஏறியது. உடனே பயமும் ஏறியது. இந்த மனுஷன் நேராகப் பேசுகிற அளவுக்கு மேலே என்ன நடக்கிறது?

இனிப் பொறுக்க முடியாது என்று வாசலிலேயே போய் நின்றுகொண்டான். அதாவது சித்திரகுப்தன் வீட்டுக்குள் என்ன எழுதுகிறான் என்பதை விட்டுவிட்டு, கம்பி வழியாக யார் யார் வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்று மட்டும் பார்க்கிற ஒரு கட்டளையைத் தட்டினான். திரையில் எண்கள் மழையாய் இறங்கின. மருந்துக் கவுண்டர். எக்ஸ்ரே. கேன்டீன். கேன்டீன். அப்புறம், அட, பிரசவ வார்டு. மறுபடியும் பிரசவ வார்டு. மறுபடியும். ஊமை என்று நினைத்த ஆள் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அத்தனை வரியும் வந்திருக்கிறது, படி ஏறியிருக்கிறது, உள்ளேயும் போயிருக்கிறது. உள்ளே போனது எங்கே? சித்திரகுப்தன் பெரிய ஒழுங்குக்காரன். வருகிற ஒவ்வொரு வரியின் நெற்றியிலும் அது கிளம்பிய தேதி ஒட்டியிருக்கும். அந்தத் தேதிக்கான கோப்பில்தான் போடுவான், தன் கையிலுள்ள கடிகாரத்தைப் பார்க்கமாட்டான். வந்தவன் என்ன தேதி சொல்கிறானோ அதுதான் தேதி. பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி. பிறவிப்பெருமாளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது, பிறந்த தேதி கேட்டதற்கு அவனுடைய அப்பா, "பொங்கலுக்கு முந்தி, மழை பெய்ஞ்ச அன்னைக்கு" என்றாராம். வாத்தியார் தலையைச் சுற்றி காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஜூன் மாதத்தில் அவருக்குப் பிடித்த ஒரு தேதியைப் போட்டார். அன்றிலிருந்து அவனுக்கு இரண்டு பிறந்தநாள். அரசாங்கம் ஒன்றில் வாழ்த்தும், கோமு இன்னொன்றில் பாயசம் வைப்பாள். இரண்டுக்கும் நடுவில் உங்களுக்கு வயசே கிடையாது, திரிசங்கு வயசு என்று சொல்லிச் சிரிப்பாள். அவளுடைய சிரிப்பை நினைத்தபடி, கை தானாகத் திறந்தது, இன்றைய கோப்பை இல்லை, பக்கத்தில் இருந்த நேற்றைய கோப்பை.

நேற்று வளர்ந்துகொண்டிருந்தது. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். முடிந்துபோன நாள், மூடி வைத்த நாள், அதன் அடியில் ஒரு வரி புதிதாக முளைத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று. வார்டு கம்ப்யூட்டரில் இன்னும் நேற்றாகவே இருக்கிறது. யாரோ தேதியை ஒருநாள் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் எப்படி முடியும்? அடிக்கொரு தரம் சரியான நேரத்தைக் கேட்டு வாங்கித் தன்னைத் திருத்திக்கொள்கிற கடிகாரம் அல்லவா அது? அப்போதுதான் ஞாபகம் வந்தது, எப்போதோ ஒரு நாள் லிஃப்டுக்குப் பக்கத்தில் எப்சிபா சிஸ்டர் அவனை மடக்கி, "தம்பி, இந்தக் கடியாரம் நம்ம சொல்லக் கேக்காம தானா மாறுது பாத்தியளா, அத நிப்பாட்ட எந்த எடத்துல அமுக்கணும்?" என்று கேட்டதும், பசி அவசரத்தில் எதற்கு என்று கேட்காமல் இவனே அமுக்கிக் காட்டிக்கொடுத்ததும். சரி, அது கிடக்கட்டும், எதற்காக என்பது கிடக்கட்டும். சாவித்துவாரம் திறந்துவிட்டது. நேற்றைக்குள் இன்றைய கோமு இருக்கிறாள். அவன் காலை வரிகளிலிருந்து படிக்கத் தொடங்கினான். மானிட்டர் மாட்டப்பட்டது. துடிப்பு கிடைக்கிறது. இந்தச் சொல்லை விரலால் தொட்டான். கண்ணாடி சூடாக இருந்தது. துடிப்பு கிடைக்கிறது. துடிப்பு கிடைக்கிறது. ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் கோயில் மந்திரம் அவனுக்கு என்றைக்கும் கொட்டாவி வரவழைக்கும்; இதை ஆயிரம் தடவை சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பான். டாக்டர் அழைக்கப்பட்டார். ஊசி எடுக்கப்பட்டது. துடிப்பு கிடைக்கிறது. அதற்கு அடுத்த வரி, மானிட்டர் கழற்றப்பட்டது. அதற்கப்புறம் வெள்ளை.

கழற்றப்பட்டது என்றால் என்ன? பிள்ளை பிறந்துவிட்டால் கழற்றுவார்கள். பிறக்கவே போவதில்லை என்றாலும் கழற்றுவார்கள். சொல் ஒன்றுதான். இந்த வரிக்கு அச்சு வைத்தவன் எவனோ, அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இருந்திருந்தால் இன்னும் ஒரு சொல் கூடப் போட்டிருப்பான். துடிப்பு கிடைக்கவில்லை என்று வரவில்லையே. வரவில்லை, ஆனால் கழற்றிய பிறகு அது எப்படி வரும்? ஓடிப்போய் மாடியில் கதவைத் தட்டலாம். போகிற நேரத்தில் வரி வந்துவிட்டால்? வரட்டுமே. என்ன வரி? போன தடவை மாதிரி முதலில் இங்கே படித்துவிட்டு, பிறகு கோமுவின் முகத்துக்கு முன்னால் தெரியாதவன் மாதிரி நிற்க இன்னொரு தடவை அவனால் ஆகாது. கால் எழுந்தது, கண் எழவில்லை. பாதி எழுந்த நிலையில், மேஜையில் ஒரு கையை ஊன்றி, பஸ் ஸ்டாப்பில் பஸ் வருமா என்று குனிந்து பார்க்கிறவன் மாதிரி நின்றான். கேன்டீன் ஒரு டீ. கோமு, தலையணை உறை. மருந்துக் கவுண்டர். ஏசி ஒரு பெருமூச்சு விட்டது. கோமு. வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள், அதில் ஒரு சக்கரம் மட்டும் கீச்சிட்டது. நேற்றின் கோப்பில் ஒரு வரி வந்து உட்கார்ந்தது. பிறப்புச் சீட்டு அச்சிடப்பட்டது, தாய் கோமதி, பெண், உயிருடன். உயிருடன் என்ற சொல்லைப் போட்டவனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது. ஒருவேளை அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இருக்கத்தான் செய்கிறதோ என்னவோ. பிறவிப்பெருமாள் நாற்காலியில் உட்காரவில்லை, நாற்காலிதான் அவனை வந்து பிடித்தது.

போன் அடித்துக்கொண்டிருந்தது, எவ்வளவு நேரமாகவோ. "தம்பி, எங்க போய்த் தொலைஞ்சிய? பொம்பளைப் பிள்ள. நல்ல எடை. இந்தா, கேளுங்க." சிஸ்டர் போனை எங்கோ நீட்ட, ஒரு சத்தம் வந்தது. அது எந்தக் கோப்பிலும் அடங்குகிற சத்தமாக இல்லை. ஆஸ்பத்திரி மொத்தத்துக்கும் தானே முதலாளி என்கிற மாதிரி இருந்தது. "தாய் நல்லாருக்காளா சிஸ்டர்? அவ வலிச்சாலும் கத்தமாட்டா." "யாரு, உங்க பொண்டாட்டியா? கத்துன கத்துல ஜன்னல் கண்ணாடி ரெண்டு விரிசல். தையல் போட்டுக்கிட்டு இருக்கோம். என்னமோ குடித்தனக்காரி வீட்டைக் காலி பண்ணிட்டான்னு உங்ககிட்ட சொல்லணுமாம். மயக்கத்துல உளறுதான்னு நினைக்கேன்." அவன் கண் மறுபடியும் நேற்றைய கோப்புக்குப் போனது. "சிஸ்டர், அங்க இன்னைக்கு என்ன தேதி?" என்றான். அந்தப் பக்கம் குரல் சட்டென்று இறங்கியது. "கண்டுபிடிச்சிட்டியளா?… நான் என்ன செய்ய தம்பி. எனக்குத் தெரிஞ்ச நட்சத்திரம் ஒண்ணே ஒண்ணு, அது பெத்லகேமுக்கு வழி காட்டுனதோட சரி. உங்க மாமா விடிஞ்சதும் வந்து வராண்டாவுல நின்னு அழுதுட்டாரு. மத்தியானத்துக்கு மேல கேட்டை முடிஞ்சு மூலமாம். மூலம் முதல் பாதத்துல பொறந்தா அப்பனுக்கு ஆகாதாமே. ஒரு நாள் பின்னால தள்ளி நேத்துன்னு வச்சா கேட்டைல விழுமாம்." "கேட்டை மட்டும் நல்லதா?" "நானும் கேட்டேன். அது பிள்ளைக்கு வரப்போற புருசனோட அண்ணனுக்குத்தான் ஆகாதாம். அவன் இனிமேத்தான் எங்கயாச்சும் பொறக்கணும், அவனப் பொறகு பாத்துக்கிடலாம்னாரு. கோமுவுக்காகவா இப்படி அழுதிய பெரியவரேன்னேன். இல்ல சிஸ்டர், எனக்கு மருமகன் வேணும்னாரு."

எனக்கு மருமகன் வேணும். அந்தச் சொல் வேறு எங்கோ போக வேண்டியது, தவறிப்போய் இவனிடம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. நெற்றியில் பழைய தேதி ஒட்டிய சொல். எத்தனை வருஷமாக இப்படி வந்துகொண்டிருந்ததோ. கோமு, அவ்வோ சாப்பிட்டாச்சான்னு கேளு. கோமு, அவ்வோளுக்கு மீன் தலையை வையி. வெயில்ல வந்திருக்காவ, ஃபேனைப் போடு. எல்லாம் வாசல் வரைக்கும் வந்தது, படி ஏறியது, உள்ளேயும் வந்தது. இவன்தான் இன்றைய கோப்பில் தேடிக்கொண்டு, மாமனார் நம்மோடு பேசுவதில்லை என்று உட்கார்ந்திருந்தான். வயரப் புடுங்குத வேலை என்றதுகூட, இப்போது யோசித்தால், பெருமையாகச் சொன்னதாக இருக்கலாம். அந்தத் தலைமுறைக்குப் பெருமையைக்கூட வசவு மாதிரித்தான் சொல்லத் தெரியும். "மாமா பக்கத்துல இருக்காரா சிஸ்டர்?" போன் கை மாறியது. "மா… மாப்பிள்ள" என்றது கிழக் குரல், திருடிப் பிடிபட்ட பையன் மாதிரி. "மாமா, கம்ப்யூட்டர்ல இன்னைக்குன்னே இருக்கட்டும். சிஸ்டரைத் தேதிய மாத்தச் சொல்லுங்க." "ஐயோ, அது வேண்டாம்…" "சாதகத்துல நீங்க நேத்துன்னே எழுதிக்கிடுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்." "ரெண்டு தேதியால்லா போயிரும்?" "எனக்கும் ரெண்டு இருக்குல்லா. பாயசம் ரெண்டு தடவை." "இல்ல மாப்பிள்ள, உங்களுக்கு ஆகாதுன்னு…" "எனக்கு ஆகாதுன்னு அவ எங்கிட்டல்லா சொல்லணும்? இந்தா வந்து கேட்டுக்கிடுதேன். நேத்து அவ வந்திருந்தா நான் என்னத்தப் பாத்திருப்பேன், நேத்துப் பூரா பயந்துக்கிட்டேல்லா இருந்தேன். இன்னைக்குத்தான் மாமா பொறந்திருக்கா." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "சாப்பிட்டியளா?" என்றார் மறுபடியும். "நீங்க சாப்பிட்டியளா?" என்றான் இவன். இருவருக்கும் நடுவில் கோமு இல்லை, டவர் இல்லை. இருவரும் சாப்பிட்டிருக்கவில்லை.

மூன்றாவது மாடியில் எப்சிபா சிஸ்டர் கடிகாரத்தை இன்றைக்குக் கொண்டுவந்தாள். கீழே சித்திரகுப்தனின் திரையில், காலையிலிருந்து வெறுமையாய்க் கிடந்த இடத்தில், பிரசவ வார்டின் முதல் வரி வந்து விழுந்தது: நேரம் திருத்தப்பட்டது. அதன் காலடியிலேயே இரண்டாவது வரி: பிறப்புச் சீட்டு மறுபடி அச்சிடப்பட்டது, தாய் கோமதி, பெண், உயிருடன். அவ்வளவு நேரமாக அந்த வரிக்குத்தான் ஒருத்தன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். வரி வந்தபோது அதைப் படிக்க நாற்காலியில் ஆள் இல்லை. ஏசி மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேஜைக்கடியில் இரண்டு செருப்பும் கிடந்தன. அன்றைக்குத் தன்னுடைய லிஃப்டை முந்திக்கொண்டு வெறுங்காலோடு ஒரு மனுஷன் மூன்று மாடியும் ஏறிப்போனான் என்று லிஃப்ட்காரர் பின்னால் எல்லோரிடமும் சொன்னார். டீயில் ஐஸ் கட்டிய கதையை நம்பாதவர்கள் இதையும் நம்பவில்லை. ஆனால் இது நடந்தது.